கால் வலியும் காலமெல்லாம் உண்ண வேண்டிய மருந்தும்

ஒரு கிராமத்தின் வளர்ச்சியை அளப்பதற்கு நம்மிடம் பல பதிவேடுகள் உண்டு. போடப்பட்ட சாலையின் நீளம், அமைக்கப்பட்ட குடிநீர்க் குழாய்களின் எண்ணிக்கை, தூர் வாரிய குளங்களின் பரப்பு யாவும் அவற்றில் எழுதப்படுகின்றன. ஆனால் அச்சாலையில் நடந்து செல்லும் மனிதனுடைய கால்களைப் பற்றி எழுத எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இக்குறையை நான் உணர்வதற்குக் காரணமாயிருந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சாலைப் பணி ஒன்றைப் பார்வையிட வேப்பம்பட்டிற்குச் சென்றிருந்தேன். ஊராட்சியின் முன்னாள் உறுப்பினர் ஒருவர், அறுபது வயதைக் கடந்த விவசாயி, எனக்கு வழிகாட்டியாக உடன் நடந்து வந்தார். இருநூறு அடி நடந்ததும் நின்று, "இந்தக் காணியில் முன்பு மூன்று போகம் விளைந்தது" என்றார். மேலும் இருநூறு அடி சென்றதும் நின்று, புதிதாக எழும்பியிருந்த வீடுகளைக் காட்டினார். திரும்பி வரும்போதுதான் அவர் ஏறக்குறைய ஒரே தூர இடைவெளியில் நிற்கிறார் என்பதைக் கவனித்தேன். கேட்டபோது, "கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது ஐயா. கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது. வயதாகிவிட்டதல்லவா?" என்றார்.

டாக்டரிடம் காட்டவில்லையா என்று வினவினேன். காட்டியிருந்தார். காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று கூறி, சில மாத்திரைகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டாராம். வலி அப்படியே இருந்தபடியால் நிறுத்திவிட்டாராம். "குணம் தெரியாத மருந்துக்கு வண்டிச் செலவு வேறு எதற்கு?" என்பது அவர் கேள்வி. அக்கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறு ஆண்டு அவர் காலில் தைத்த முள் புண்ணாகி, ஆறாமல் கறுத்து, இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. அவர் கேட்ட கேள்விக்குரிய விடையைப் பின்னர் டாக்டர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தேன். அதுவே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் வயிற்றின் அடியில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிளையாக இறங்கி, தொடை, முழங்கால், கெண்டைக்கால் வழியே பாதம் வரை செல்கிறது. ஏரி மதகிலிருந்து புறப்படும் கால்வாயை இதற்கு ஒப்பிடலாம். கால்வாயில் வண்டல் படிந்தால் தலைமடைக்குக் குறை தெரியாது; கடைமடைதான் முதலில் காயும். அவ்வாறே இக்குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணச் சத்தும் ஆண்டுக்கணக்கில் படிந்து வழியைக் குறுக்கும்போது, உடலின் கடைமடையாகிய காலும் பாதமும் இரத்தமின்றி வாடுகின்றன.

உட்கார்ந்திருக்கும்போது தசைக்குச் சிறிதளவு இரத்தமே போதும். ஆகையால் தொல்லை தெரிவதில்லை. நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை பலமடங்கு இரத்தம் கேட்கிறது. குறுகிய குழாய் அதைக் கொடுக்க இயலாதபோது வலி உண்டாகிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி மறைகிறது. மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி வருகிறது. இதுவே இந்நோயின் அடையாளம். முதுகெலும்பில் நரம்பு நெருக்குண்டு வரும் கால் வலியோ, வெறுமனே நிற்பதால் பெரும்பாலும் தீராது. உட்கார்ந்தாலோ முன்புறம் குனிந்தாலோதான் தணியும்.

இவ்வகை நொண்டலை முதலில் விளக்கியவர் மனிதருக்கு வைத்தியம் செய்தவர் அல்லர் என்பது கால்நடை வளர்ப்போருக்குச் சுவையான செய்தியாகும். பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே என்பவர், சிறிது தூரம் ஓடியதும் நொண்டி, நின்றதும் தேறும் ஒரு குதிரையைப் பற்றி 1831-இல் எழுதினார். அதே நோய் மனிதருக்கும் உண்டு என்பதை ஷார்க்கோ என்னும் பிரெஞ்சு டாக்டர் 1858-இல் எடுத்துக்காட்டினார்.

யாருக்கு வருகிறது?

புகையிலையே முதற்பகை. பீடி, சிகரெட், சுருட்டு எதுவாயினும் சரி. அடுத்தது நீரிழிவு. பின்னர் இரத்தக் கொதிப்பு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு, முதுமை. இவற்றில் இரண்டு மூன்று ஒருவரிடமே சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது.

சென்னையில் திருமங்கலம், தியாகராய நகர் ஆகிய இரு பகுதிக் குடியிருப்புகளில் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இருபது வயதுக்கு மேற்பட்ட 631 பேருடைய கால் இரத்தக் குழாய்களைச் சோதித்ததில், 100-க்கு 3.2 பேருக்கு இந்நோய் இருந்தது. நீரிழிவு உடையோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 6.3 ஆக இருந்தது. நீரிழிவு இருப்பதாக முன்பே அறிந்திருந்தவர்களிடையே 7.8 ஆக உயர்ந்தது. சர்க்கரை நோய் பழையதாக ஆக, கால்களுக்கு ஆபத்தும் வளர்கிறது என்பதை இது புலப்படுத்துகிறது.

நீரிழிவு உடையோருக்கு மற்றோர் இடர் உண்டு. நரம்புகள் மரத்துப் போவதால் அவர்களிற் பலருக்கு வலியே தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததை அறியாமல் நடப்போரும், காலில் முள் தைத்ததை இரவில் விளக்கொளியிற் பார்த்தே அறிவோரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று இவர்கள் எண்ணலாகாது.

முப்பது நாற்பது வயதுடைய ஆண்களிடையே காணப்படும் வேறொரு நோயும் உண்டு. நியூயார்க் நகரத்து டாக்டர் லியோ பர்கர் 1908-இல் விளக்கியமையால் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. கை கால்களின் சிறு குழாய்கள் வீங்கி அடைபட்டு விரல்கள் அழுகுகின்றன. பீடி மிகுதியாகப் புகைக்கும் நம் நாட்டு உழைப்பாளிகளிடையே இது நன்கு அறியப்பட்டது. புகையிலையை அறவே விடுவதே இதற்குத் தலையாய மருந்து. குறைத்துக்கொள்வது போதாது.

நோயை அறியும் வழி

இந்நோயை அறியப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்னும் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று டாக்டர் விரலால் தொட்டுப் பார்ப்பார். பிறகு கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் அளந்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். விடை 1-ஐ ஒட்டி இருந்தால் நலம். 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் குழாய் குறுகியிருக்கிறது என்பது பொருள். 0.4-க்கும் கீழே சென்றால் காலுக்கே ஆபத்து. நீண்ட நாள் நீரிழிவு உடையோரின் குழாய்கள் சுண்ணம் ஏறி விறைத்திருந்தால் இவ்வளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்கு வேறு சோதனை தேவைப்படலாம்.

மருந்து எதற்காக?

நம் விவசாய நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். வலி குறையாவிட்டால் மாத்திரை எதற்கு?

காலில் வண்டல் படிந்தவருக்குக் காலில் மட்டும் படிவதில்லை. அதே இரத்தம்தான் இருதயத்திற்கும் மூளைக்கும் ஓடுகிறது. அக்குழாய்களிலும் அதே படிவு உண்டாகியிருக்கக் கூடும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும் நிலையிலுள்ள நூறு பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்தால், காலை இழக்கும் நிலைக்கு வருவோர் ஓரிருவரே; ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைப்போர் ஏறத்தாழ இருபது பேர்; இறப்போர் பத்து முதல் பதினைந்து பேர். அவர்களிலும் பெரும்பாலோர் இருதய, இரத்தக் குழாய் நோய்களாலேயே இறக்கின்றனர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. புகைப்போருக்கும் நீரிழிவு உடையோருக்கும் காலை இழக்கும் ஆபத்தும் இதைவிடக் கூடுதல்.

ஆகவே கால் வலி ஓர் அறிவிப்பு மணி. மாத்திரைகளிற் பல அம்மணியின் ஓசையை அடக்குவதற்காகக் கொடுக்கப்படுவன அல்ல. மணி எதை அறிவிக்கிறதோ அதிலிருந்து நம்மைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுவன. வலியைக் கொண்டு அவற்றின் பயனை அளப்பது, மழை பெய்யாத நாளில் ஏரிக்கரையைப் பார்த்து, இதை ஏன் பலப்படுத்தினோம் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

மருந்துகளின் வகை

முதலாவது, இரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுப்பவை. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இவ்வகையின. பெரும்பாலும் நாளைக்கு ஒரு சிறு மாத்திரை. 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 1996-இல் வெளியாயிற்று. கால் குழாய் நோயுடையோருக்குக் குளோபிடோக்ரெல் சற்று மிகுந்த பாதுகாப்பு அளித்ததாக அதில் தெரியவந்தது. அண்மைக் காலத்தில், தேர்ந்த சிலருக்கு ஆஸ்பிரினுடன் ரிவராக்சபான் என்னும் மருந்தைச் சிறு அளவில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதில் பயனோடு இரத்தக் கசிவு அபாயமும் கூடுவதால், யாருக்கு ஏற்றது என்பதை டாக்டரே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை. அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் என்ற பெயர்களில் கிடைக்கிறது. இவ்வகை மருந்தைக் கண்டறிந்தவர் விவசாயக் குடும்பத்திற் பிறந்த ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியிற் படர்ந்திருந்த பூஞ்சையிலிருந்து 1973-இல் முதல் ஸ்டாடினைப் பிரித்தெடுத்தார். 2024-இல் அவர் காலமானார். பிரிட்டனில் 20,536 பேரிடம் சுமார் ஐந்து ஆண்டுகள் நடத்தி 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்டாடின் உண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன. அவர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கால் குழாய் நோயுடையோர். இம்மருந்து படிந்த வண்டலை வாரி எறிந்துவிடுவதில்லை. மேலும் படியாமல் தடுக்கிறது. படிந்தது பிளந்து திடீர் அடைப்பு உண்டாகாமல் காக்கிறது. ஆகவேதான் கொழுப்பின் அளவு சரியாக இருப்பவருக்கும் இது கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது, இரத்தக் கொதிப்புக்கான மருந்து. ராமிப்ரில் என்னும் மருந்து இருதயத்தையும் குழாய்களையும் சேர்த்துக் காப்பதாக 9,297 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிலருக்கு இது வறட்டு இருமலை உண்டாக்கும். அப்போது டாக்டர் வேறு மருந்து மாற்றித் தருவார்.

நான்காவது, நீரிழிவு மருந்து. மற்றெல்லா மருந்தையும் ஒழுங்காக உண்டு, சர்க்கரையை மட்டும் கட்டுக்கு வெளியே விட்டுவிட்டால், ஒரு மதகை அடைத்து மறு மதகைத் திறந்துவிட்டது போலாகும்.

ஐந்தாவதே வலிக்கும் நடைக்கும் உரிய மருந்து. சிலோஸ்டசால் என்பது அதன் பெயர். காலை மாலை இருவேளை, உணவுக்கு அரைமணி முன்போ இரண்டு மணி பின்போ உண்ணவேண்டும். வலியின்றி நடக்கும் தூரத்தை இது சிலருக்குக் கூட்டுகிறது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் பார்த்தும் பயனில்லையெனில் டாக்டர் இதை நிறுத்திவிடுவதுண்டு. தலைவலி, படபடப்பு உண்டாகலாம். இருதயம் பலவீனமாகி மூச்சிரைப்பு உள்ளவர்கள் இதை உண்ணவே கூடாது.

இவ்வைந்தில், பயன் தெரியாவிட்டால் நிறுத்துவதற்குரியது ஐந்தாவது ஒன்றே. நம் நண்பரோ ஐந்தாவதற்குரிய அளவுகோலைக் கொண்டு முதல் நான்கையும் அளந்து, எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டார். பலர் செய்யும் தவறும் இதுவே.

சில ஐயங்கள்

"எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பொதுவாக, ஆயுள் முழுதும். குடிமராமத்து ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. ஆண்டுதோறும் செய்தால்தான் வாய்க்கால் வாய்க்காலாக இருக்கும். குழாயைப் பலூன் கொண்டு விரித்தாலும், மாற்றுக்குழாய் வைத்து அறுவை செய்தாலும், அதன் பின்னும் மாத்திரை தொடரவேண்டும். சீர்செய்யப்பட்டது ஒரு துண்டுக் குழாயே. வண்டல் சேரும் இயல்பு உடலில் அப்படியே இருக்கிறது.

"நீண்ட நாள் உண்டால் சிறுநீரகம் கெடாதா?" என்கிறார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரையும் கொதிப்புமே சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை. குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்துகொண்டால் மருந்தினால் வரும் தீங்கை முன்னரே அறிந்து தடுக்கலாம். மாறாக, கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்குவதோடு, ஆஸ்பிரினுடன் சேர்ந்து வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். அவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

மலம் கரிய நிறமாகப் போனாலும், காரணமின்றி உடலெங்கும் தசை வலித்துச் சிறுநீர் கறுத்தாலும், இரத்தம் நிற்காமல் வடிந்தாலும் உடனே டாக்டரிடம் செல்லவேண்டும். பல் பிடுங்கும் முன்னும் அறுவைக்கு முன்னும் இம்மருந்துகள் உண்பதைச் சொல்லவேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது. நாட்டு மருந்து உண்போர் அதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

மருந்தோடு சேர்ந்தவை

நடையும் ஒரு மருந்தே. வலி வருகிறதென்று படுத்துவிடாமல், வலி ஓரளவு மிகும் வரை நடந்து, நின்று, வலி தீர்ந்ததும் மீண்டும் நடக்கவேண்டும். இவ்வாறு ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளேனும், மூன்று மாதம் விடாமல் செய்தால் நடக்கும் தூரம் கூடும். கால் புண் உள்ளவரும் இருதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

வயலுக்குச் செல்லும்போதும் வெறுங்காலுடன் செல்லலாகாது. மாலையில் பாதங்களைக் கழுவித் துடைத்து, அடிப்பாகத்தையும் விரலிடுக்கையும் பார்க்கவேண்டும். தமக்குத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். மரத்த கால் வெந்துபோவது தெரியாது. காலாணியை பிளேடு கொண்டு அறுத்தலும் ஆகாது.

இரவில் படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலும், விரல் கறுத்தாலும், புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் காலம் தாழ்த்தக்கூடாது. திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால் அது சில மணி நேரத்தில் காலைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. 108-ஐ அழைக்கவேண்டும். அவசரமில்லாத சோதனைக்கு வேப்பம்பட்டு மக்கள் மின்சார ரயிலில் மேற்கே சென்றால் செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டித் திருவள்ளூர். அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கிழக்கே சென்றால் சென்ட்ரல். எதிரிலேயே இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அங்கு இரத்தக் குழாய்களுக்கெனத் தனித்துறை உண்டு.

ஊராட்சி செய்யக்கூடியது

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வர அது வழி செய்தது. மாத்திரையை வீட்டு வாசல் வரை அரசு கொண்டுவரலாம். வாசலிலிருந்து வாய்க்குச் செல்லும் தூரத்தை வீட்டாரும் ஊராருமே கடக்கச் செய்ய வேண்டும்.

கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கிராமச் செவிலியரையோ டாக்டரையோ கால்மணி நேரம் பேசச் செய்யலாம். மருந்தை நிறுத்திவிட்டவர்களை மகளிர் சுய உதவிக் குழுவினர் அன்போடு விசாரித்து மறுபடி அனுப்பலாம். ஆஸ்பத்திரி நாளில் ஒரே தெருவினர் நால்வர் சேர்ந்து சென்றால் வண்டிச் செலவு குறையும். நடைபாதையில் ஆங்காங்கே ஒரு கல் பலகை போட்டால், நின்று நின்று நடப்பவருக்கு அதுவே உதவி. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதை நிறைவேற்றுவதில் ஊராட்சி கண்ணாயிருக்கலாம்.

நம் வேப்பம்பட்டு நண்பர் இப்போது மாத்திரைகளைத் தவறாமல் உண்கிறார், பீடியையும் விட்டுவிட்டார். போன விரல்கள் திரும்பா. எனினும் மாலையில் மெல்ல நடக்கிறார். அண்மையிற் பார்த்தபோது, "வலி கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் மாத்திரை அதற்கில்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்" என்றார். அன்றே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. உங்கள் ஊரில் நின்று நின்று நடக்கும் ஒருவரைக் கண்டால், அதை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.